காலியாக இருந்த கட்டம்

ஆஸ்பத்திரியில் தெய்வநாயகத்தின் கட்டிலருகே அவருக்குச் சர்க்கரை நோய்க்கு ஊசி போடும் இன்சுலின் பேனாவும் ஒரு எழுதுகிற பேனாவும் இருந்தன. இன்சுலின் பேனாவுக்குத் தலைக்கனம் அதிகம். "உயிரைக் காப்பாத்துறது நான். நீ நடந்ததைக் கிறுக்குறவன்தானே?" என்று சீண்டும்.

ஒரு காலை நர்ஸ் ஜெபமணி அவருக்குப் பன்னிரண்டு யூனிட் போட்டார். அதை எழுதப்போகும்போது அடுத்த கட்டில்காரர் மயங்கிச் சரிய, அப்படியே ஓடினார்.

"எழுதலையே!" என்று பதறியது எழுதுகிற பேனா.

"ஊசி போட்டாச்சுல்ல, விடு."

சற்று நேரத்தில் நர்ஸ் ரோகிணி வந்தார். மருந்துச் சீட்டில் காலை இன்சுலினுக்கான கட்டம் காலியாக இருந்தது. தெய்வநாயகம் அரைத்தூக்கத்தில் இருந்தார். ரோகிணி மறுபடி பன்னிரண்டு யூனிட் போட்டார்.

"போட்டாச்சும்மா! போட்டாச்சு!" என்று இன்சுலின் பேனா அலறியது. மனிதர் காதில் அது விழவில்லை.

கொஞ்ச நேரத்தில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, தெய்வநாயகத்துக்கு வேர்த்துக்கொட்டியது, பேச்சு குழறியது. குளுக்கோஸ் ஏற்றி ஒருவழியாக மீட்டார்கள்.

மறுநாள் ஊசி போட்டதும் இன்சுலின் பேனாவின் மூடி பொருந்த மறுத்தது. ஜெபமணி அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"என்ன ஆச்சு உனக்கு?" என்றது எழுதுகிற பேனா.

"நீ எழுதி முடி. அதுவரைக்கும் காத்திருக்கேன்."