உள்ளே போன பந்து

'இப்படியும் கூசாம பொய் சொல்லுவாங்களா?'

கசூபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் கொஞ்சம் வறுத்த கடலையைத் தட்டில் எடுத்து வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

மாமரத்தடி நாற்காலியில் அப்பா சிபாஷா சாய்ந்திருந்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கால் இழுக்கிறது. பேச்சில் கொஞ்சம் குழறல். ஞாபகமும் போய்விட்டதாக கிட்வே நகரம் முழுக்கப் பேச்சு.

ஒரு காலத்தில் காப்பர் ஸ்டார்ஸ் கால்பந்து அணியின் எட்டாம் நம்பர் அவர். நடுக்களத்தில் அவர் காலுக்குப் பந்து வந்துவிட்டால், ஷிப்டுக்குப் போக வேண்டிய சுரங்கத் தொழிலாளிகள் சங்கு ஊதியது கூடக் காதில் விழாமல் நிற்பார்கள்.

எதிரே அவருடைய ரசிகர்கள் மூன்று பேர். மினிபஸ் ஓட்டும் காபெம்பா, சந்தையில் தக்காளி விற்கும் லோம்பே, சுரங்கத்தில் ஓய்வு பெற்ற முலிலோ. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும், தொப்பையை மூடாத பழைய பச்சை ஜெர்சியை மாட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். தலைநகர் லுசாகாவிலிருந்து லீவுக்கு வந்திருந்த கசூபா இன்றைக்குத்தான் அவர்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டாள்.

முதலில் எல்லாம் நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணே, அந்த மழை மேட்ச் ஞாபகம் இருக்கா?" என்றார் முலிலோ. "ஒரு பூட்ஸ் சேத்துல மாட்டிக்கிச்சு. வெறுங்காலோட பாஸ் கொடுத்தீங்களே!"

"வெறுங்கால் எங்கடா? ஓட்டை சாக்ஸ் போட்டிருந்தாரு" என்றார் லோம்பே. "கட்டைவிரல் வெளிய எட்டிப் பாத்துச்சு. நான் கோட்டுக்குப் பக்கத்துல நின்னேன்."

"ஆமா, நீ ஒருத்தன்தான் மேட்ச் பாக்காம விரலைப் பாத்தவன்!"

காபெம்பா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "எதிர் டீம்காரன் காலைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தானே, அது? அண்ணன் பந்தை வெளிய தட்டிவிட்டுட்டு, போய் அவன் காலை நீவி விட்டாரு. நான் 'கோல் அடிங்கண்ணே, அவன் கிடக்கட்டும்'னு கத்தினேன். திரும்பி ஒரு பார்வை பாத்தாரு பாருங்க! இன்னிக்கும் எவனாவது பஸ்ஸுக்குக் குறுக்கே வந்தா, திட்ட வாயெடுத்துட்டு அப்படியே மூடிக்குறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் கோணலாகச் சிரித்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"லுசாகா டீமோட ஃபைனல் ஆடினோமே... கடைசி பெனால்டி நான்தானே அடிச்சேன்? உள்ள போச்சா?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"போச்சாவா? வலை கிழிஞ்சுதுண்ணே!"

"இடது மூலை. கோல்கீப்பர் வலது பக்கம் பாஞ்சு மண்ணைத் தின்னான்!"

"கோப்பையைத் தூக்கிட்டு ஊர்கோலம் போனோமே! விடிய விடிய முரசு!"

அப்பா நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

கசூபா அந்த மேட்ச் நடந்தபோது அம்மாவோடு மைதானத்தில் இருந்தவள். பந்து உள்ளே போகவில்லை. கோப்பை லுசாகாவுக்குப் போனது.

சைகை காட்டி மூவரையும் வாசல் கேட்டுக்குக் கூட்டிப்போனாள்.

"சித்தப்பா, உங்களுக்கெல்லாம் வெக்கமா இல்ல? உடம்பு முடியாத மனுஷன்கிட்ட இப்படியா புளுகுவீங்க?"

"லுசாகாவுல போய் வாழ்க்கைப்பட்டவ, அவங்க பக்கம்தானே பேசுவா" என்று லோம்பே முணுமுணுத்தார்.

காபெம்பா அவரை முறைத்துவிட்டு, "கசூபா, வாராவாரம் கேக்குறாரும்மா. அந்த முகத்தைப் பாத்து 'வெளிய போச்சு'ன்னு எப்படிச் சொல்றது? நீயே சொல்லு" என்றார்.

"வாராவாரமா? நாளைக்கு வேற யாராவது உண்மையைப் போட்டு உடைச்சா அவரு மனசு என்ன ஆகும்? யோசிச்சீங்களா? பொய் சொல்றதுக்குத்தான் வர்றீங்கன்னா, இனிமே வர வேணாம்."

லோம்பே கையில் மிச்சமிருந்த கடலையை அவள் தட்டிலேயே திரும்பப் போட்டார். மூவரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார்கள்.

அவள் திரும்பி வந்தபோது அப்பா கண் விழித்திருந்தார்.

"எங்கம்மா பசங்க?"

"அனுப்பிட்டேன்." பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எவனோ ஒருவன் சொல்லித் தெரிவதைவிட, பெற்ற பெண் சொல்லியே தெரியட்டும். "அப்பா, சொன்னா மனசு உடைஞ்சு போகக் கூடாது. அந்தப் பெனால்டி உள்ள போகலப்பா."

அப்பா வாசல் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சிறிது நேரத்தில் அவருடைய தோள்கள் குலுங்கின.

அழுகிறாரோ? கசூபா பதறிப்போய்க் குனிந்து பார்த்தாள்.

சிரித்துக்கொண்டிருந்தார்.

"கம்பத்துக்கு மேல ஒரு ஆள் உயரம் போச்சு. பின்னால கரும்பு வித்துக்கிட்டிருந்த ஒரு பாட்டி தலையில போய் விழுந்துச்சு. அவங்க என்னைத் திட்டினதுகூட ஞாபகம் இருக்கு. அடிச்சவனுக்குத் தெரியாதா?"

"அப்புறம் எதுக்குப்பா வாராவாரம் கேக்குறீங்க?"

"நான் அன்னிக்கே அதை விட்டுட்டேம்மா. வீட்டுக்கு வந்தேன், உங்கம்மா போட்ட சோளக்களியைச் சாப்பிட்டேன், தூங்கிட்டேன். இவனுங்களாலதான் இன்னும் தாங்க முடியல. ஓடு, தெருமுனை திரும்புறதுக்குள்ள கூப்பிடு. வாரத்துல ஒரு நாளாவது பாவம், அவனுங்க ஜெயிச்சுட்டு வீட்டுக்குப் போகட்டும்!"