அம்மாவுக்கு எந்த டேபிள்?

"இந்த டேபிள யாரு இங்க போடச் சொன்னது? மேடைய மறைக்குது பாரு!" என்றாள் செல்லம் அத்தை.

தீவில், மின்னி பே பகுதியில் இருந்த அந்த ஹாலுக்குப் பொறுப்பாளர் ஒச்சப்பன். அவர் சௌமியாவைப் பார்த்தார். அவள் தலையசைத்ததும், "பையா, கோல் டேபிள் தோடா பீச்சே!" என்று இந்தியில் குரல் கொடுத்தார். வட்ட மேஜை பின்னால் நகர்ந்தது.

நாளை மாலை ரிசப்ஷன். அத்தை அன்று காலையில்தான் சென்னைக் கப்பலிலிருந்து இறங்கியிருந்தாள். செத்தாலும் பிளேனில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டவள். மூன்று நாள் கடலில் வாந்தி எடுத்து முகம் வாடியிருந்தது, அதிகாரம் வாடவில்லை. சௌமியாவின் இறந்துபோன அப்பாவுக்கு ஒரே தங்கை, வாடுமா?

"இறங்கினதும் லாட்ஜுல கொண்டாந்து வச்சிட்ட. வீட்டையும் காட்டல, மாப்பிள்ளையையும் காட்டல."

"வீடு சௌல்தாரில இருக்கு அத்தை. இந்த உடம்போட அவ்வளவு தூரம் எதுக்கு? மாப்பிள்ளைய நாளைக்கு மேடையிலயே பாருங்க."

"கொஞ்சம் வயசு கூடன்னு போன்ல சொன்னியே?"

"ஆமா. ஆனா தங்கமான மனுஷர். ஹார்பர்ல வேலை."

"கவர்மென்ட் வேலைன்னா வயசு என்ன பண்ணும்!" அத்தை முந்தானையால் விசிறிக்கொண்டாள். "சரி, முதல் டேபிள்ல யாரு?"

"நீங்கதான். மேடைக்கு நேரே."

அத்தையின் முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே குரலைத் தாழ்த்தினாள். "உங்கம்மாவுக்கு எந்த டேபிள்?"

இந்தக் கேள்விக்காகத்தான் சௌமியா காலையிலிருந்து காத்திருந்தாள்.

அப்பா போய் இரண்டு வருடம் கழித்து, பரமக்குடியில் அத்தை மகள் கல்யாணம். தாலி கட்டும் நேரத்தில் அம்மாவை முன்வரிசையிலிருந்து எழுப்பி, சமையல்கட்டுக்குப் பின்னால் தண்ணீர் டிரம்களுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு வந்தாள் அத்தை. திட்டவில்லை. கையைப் பிடித்து, பாசமாகத்தான் கூட்டிப் போனாள். திட்டியிருந்தால் சௌமியா என்றைக்கோ மறந்திருப்பாள். அந்தப் பாசம்தான் இன்னும் உள்ளே ஆறாமல் கிடந்தது.

"மதினி மேல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல, சௌமி. ஆனா நல்ல காரியம் பாரு. முன்னால வேணாம், மேடைப் பக்கமும் வர வேணாம். அந்தா, கை கழுவுற இடத்துக்கிட்ட ஒரு டேபிள் கெடக்கே..."

"அங்க வேணாம் அத்தை."

அத்தையின் புருவம் உயர்ந்தது.

"எந்த டேபிள்லயும் அம்மாவுக்கு நாற்காலி போடப் போறதில்ல."

ஒச்சப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சௌமியா பார்த்த பார்வையில், "டீக் ஹை, டீக் ஹை" என்று முனகிவிட்டு மேஜை விரிப்பைச் சரிசெய்யப் போனார்.

"புரிஞ்ச புள்ள!" அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அதே பிடி. அதே பாசம். "படிச்ச திமிர்ல சண்டைக்கு வருவியோன்னு நெனச்சேன்."

சௌமியா கையை உருவிக்கொள்ளவில்லை. ஒரு மாதமாகத் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள், அத்தையை வரவழைத்தது ஆசையினாலா, ஆத்திரத்தினாலா என்று. அம்மா சொன்னது ஒன்றுதான்: "செல்லம் வராம இந்தக் கல்யாணம் வேணாம்டி." அதனால்தான், "நம்ம வீட்ல கல்யாணம், மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் வயசு கூட, கப்பல் டிக்கெட் போட்டாச்சு" என்று மட்டும் போனில் சொன்னாள். எப்படியானாலும் சரி, நாளை இந்த நாற்காலியில் அத்தை இருக்க வேண்டும். கண்ணெதிரே நடக்க வேண்டும்.

"மேடையில ரெண்டு நாற்காலியும் நல்லாப் பெருசா, பளபளன்னு இருக்கணும், என்ன?" என்றாள் அத்தை.

"சொல்லியாச்சு அத்தை."

ஒச்சப்பன் தூரத்திலிருந்தே கேட்டார். "ஏம்மா, பன்னீர், சந்தனமெல்லாம் வாசல் டேபிள்ல வைக்கிறோம். அங்க நின்னு வரவேற்கிறது யாரு?"

"நான்தான் அண்ணே."

அத்தை வாய்விட்டுச் சிரித்தாள். "கூறு கெட்டவளே! நீ வாசல்ல நின்னா மேடையில யாருடி உக்காருவா?"

சௌமியா முதல் டேபிளின் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அத்தையின் கையைப் பிடித்து, பாசமாக, அதில் உட்கார வைத்தாள்.

"அம்மாதான்" என்றாள். "முதல் ஆளா நீங்கதான் மேடையேறி வாழ்த்தணும் அத்தை. கோவிச்சுக்கிட்டுக் கிளம்பலாம்னா, அடுத்த கப்பல் மாசக் கடைசியிலதான்."