ஒரே கட்டத்து மழை

மலைக்குக் கிழக்கே, வறண்ட பக்கத்தில், தொந்தியப்பன் என்றொரு தவளை இருந்தது. "இந்த வட்டாரத்தில் நல்ல மழை" என்று வானிலைக் கணினி சொன்னதை நம்பி, மகள் கல்யாணத்தைக் குளத்திலேயே வைத்தது. முகூர்த்தத்தன்று குளத்தில் புழுதிதான் பறந்தது. மாப்பிள்ளை வீட்டார் தொண்டைகூட நனையாமல் திரும்பிப் போனார்கள்.

மானம் போன ஆத்திரத்தில் தொந்தியப்பன் தத்தித் தத்தி மலையைத் தாண்டி, மேற்கே இருந்த கணினியின் அலுவலகத்துக்குள் குதித்தது. அங்கே மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது.

"ஏனய்யா, எங்கே என் மழை?"

"பெய்கிறதே! என் வரைபடத்தில் உன் குளமும் இந்த அலுவலகமும் ஒரே கட்டம். ஒரு கட்டத்துக்கு ஒரு மழைதான்" என்றது கணினி.

"நடுவில் அவ்வளவு பெரிய மலை நிற்கிறதே!"

"அதுவா? என் கணக்கில் அது சின்ன மேடு."

"அந்தச் சின்ன மேட்டில் ஏறித்தான் என் முட்டி தேய்ந்தது!"

"இங்கே கொட்டியதையும் அங்கே பெய்யாததையும் கூட்டிப் பாதியாக்கிப் பார். நான் சொன்னது துளி பிசகாது."

மூலையில் ஒழுகலுக்கு வைத்த வாளி ஏற்கெனவே நிரம்பி வழிந்தது. இப்போது கூரை கணினியின் தலைக்கு மேலேயும் ஒழுகத் தொடங்கியது.

"ஐயா, நனைகிறீரே!" என்று பதறியது தொந்தியப்பன்.

"பயப்படாதே. சராசரியாகப் பார்த்தால் இந்தக் கட்டடம் உலர்ந்துதான் இருக்..."

டப்!

தொந்தியப்பன் அணைந்துபோன திரையைப் பார்த்தது. வாளியைப் பார்த்தது. பிறகு மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லியனுப்பியது:

"மண்டபம் கிடைத்துவிட்டது."