கரடிக்கும் ஒரு மோர்

முந்திரித் தோப்பில் நீலச் சேலை ஆறாக ஓடியது. கிளையில் தெர்மாகோல் நிலா தொங்கியது. கார்ட்டூன் படத்தில் வரும் வேடனாக, டைமர் வைத்த கேமராவைப் பார்த்து உட்கார்ந்திருந்தான் கார்வண்ணன். பக்கத்தில், மரத்தில் சாய்ந்தபடி சாக்குத் தோல் போர்த்திய கரடி.

"நான் சிவப்ரியா, சிதம்பரத்துலேர்ந்து வரேன். ஃபேஸ்புக்ல உங்க போட்டோ ஒண்ணு விடாம பாப்பேங்க" என்றாள் வந்தவள். "கரடி வேஷம் யாரு?"

"வெங்கட்ராம். என் மச்சான். வேஷம் போட்டுட்டா பேச மாட்டான்."

கரடி யாரென்று இன்பாக்ஸில் கேட்பவர்களுக்கும் கார்வண்ணன் மூன்று வருடமாக இதையேதான் எழுதி வருகிறான்.

"இன்னிக்கு டைமர் வேணாம், நான் எடுக்கறேன்" என்றாள்.

அவன் கரடியின் தோளில் கை போட்டுக்கொண்டான். நாலைந்து படம் எடுத்தவள், பையிலிருந்து இரண்டு மோர் பாக்கெட்டை நீட்டினாள்.

"இந்த வெயில்ல பாவம், அவருக்கும் குடுங்க."

"தலையைக் கழட்டறப்ப குடிப்பான்."

"நானும் மொட்டை மாடியில தனியாத்தான் செட் போடறேன். ஒண்ணா சேந்து செய்யலாமான்னு கேக்கத்தான் வந்தேன். உங்களுக்குத்தான் ஆள் இருக்காரே!" சிரித்துவிட்டு, கரடிக்கும் சேர்த்துக் கையாட்டினாள். "வரேங்க."

கார்வண்ணன் சட்டென்று எழுந்தான். என்னவோ சொல்ல வந்து, "பண்ருட்டி பஸ் இப்ப வந்துடும்" என்றான்.

அவள் தலை மறைந்ததும், கரடியின் தலையைக் கழற்றினான். உள்ளே திணித்திருந்த தலையணைகளை ஒவ்வொன்றாக உருவி வெயிலில் போட்டான்.

தன் மோரைக் குடித்தான். பிறகு, கரடியின் மோரையும் அவனே குடித்தான்.