வேப்பிலை கட்டாத வீடு

ஊரப்பாக்கத்தில் பெரியம்மை பரவியிருந்த கோடை அது. பஞ்சாயத்துத் தேர்தலை நடத்தலாமா, தள்ளிவைக்கலாமா என்று வீடு வீடாகக் கேட்டு எழுதிவரக் குமாஸ்தா முஸ்தபாவை அனுப்பினார்கள். வாசலில் வேப்பிலை கட்டியிருந்தால் உள்ளே அம்மை. அந்த வீடுகளை விட்டுவிட்டு மற்ற வீடுகளில் மட்டும் அவர் கேட்டார். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான். எல்லோரும் நடத்தச் சொன்னார்கள்.

வாத்தியார் ஞானையாவின் மனைவி ஜெயசீலி மட்டும், கதவை ஒரு சாண் திறந்து, "தள்ளி வைக்கச் சொல்லுங்க பாய்," என்றாள்.

"என்னம்மா பேஜாரு! உங்க வாசல்லதான் வேப்பிலையே இல்லையே, உங்களுக்கு என்ன பயம்?"

"எங்க வீட்ல வேப்பிலை கட்டற பழக்கம் இல்லைங்க," என்றாள் அவள், ஒவ்வொரு சொல்லாக. "எலெக்‌ஷன் அன்னிக்கு அவர்தான் எல்லார் விரலையும் பிடிச்சு மை வைக்கணும்."

"ஒரு நாள் வேலையைத் தட்டிக்கழிக்க சாருக்கு இவ்வளவு சிபாரிசா?" என்று சிரித்த முஸ்தபா, ஊரோடு ஒத்துப்போகட்டும் என்று அந்த வீட்டையும் 'நடத்தலாம்' பக்கத்திலேயே எழுதிக்கொண்டார்.

தேர்தல் நடந்தது. ஞானையாதான் எல்லார் விரலிலும் மை வைத்தார்.

பதினைந்து நாள் கழித்து, அம்மை கண்டவர்களைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்லும் வண்டி முஸ்தபாவின் தெருவில் நுழைந்தது. அவர் கதவை ஒரு சாண் மட்டும் திறந்தார்.

"இந்தத் தெருவுலயே வேப்பிலை இல்லாத வூடு உங்களுதுதான் பாய். குடுத்து வச்சவரு!" என்றான் வண்டிக்காரன்.

உள்ளே மகள் குல்ஷன் உடம்பெல்லாம் கொப்புளங்களுடன் கிடந்தாள். முதன்முதலாக ஓட்டுப் போட்ட அவள் விரலில் மை இன்னும் அழியவில்லை. ஜெயசீலி சொல்ல வந்தது அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

"எங்க வீட்லயும் வேப்பிலை கட்டற பழக்கம் இல்லைங்க," என்றார் முஸ்தபா, ஒவ்வொரு சொல்லாக.