பின்பக்கத்துப் பாரம்

"லெஸ்லி அண்ணை, எங்கடை பிக்கப் ட்ரக் உந்தக் காம்பிங் ட்ரெயிலரை இழுக்குமோ?"

பக்கத்து வீட்டு றெஜினா கேட்டாள். மழை இருட்டிலும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள்.

"வெறுமையா எண்டால் மட்டுமட்டா இழுக்கும்," என்றார் லொறி ஓடும் லெஸ்லி. "தண்ணித் தாங்கியை நிரப்பாதையும். பாரத்தைப் பின்னுக்கு ஏத்தவே கூடாது. ஹைவேயிலை ட்ரெயிலர் ஆடத் தொடங்கினால் ட்ரக்கையும் சேர்த்துப் பிரட்டிப் போடும்."

"எவ்வளவு வேகத்திலை ஆடும்?"

"நூறிலையே ஆடும். உம்மடை மனுசன் நூற்றிருபதிலை போற ஆளெல்லோ!" லெஸ்லி சிரித்தார். "இக்னேசியஸ் குடுத்து வைச்சவன். மனிசிக்கு எவ்வளவு கவனம்!"

அடுத்தநாள் காலை இக்னேசியஸ் தனியாக மீன்பிடிக்கப் புறப்பட்டான். சாமான் அடுக்குவது எப்போதும் றெஜினாவின் வேலை. அவன் உள்ளே எட்டிப் பார்த்ததே இல்லை.

அவன் ஹோர்ன் அடித்தபோது அவள் தோள் துள்ளியது. ட்ரெயிலர் தெருமுனையில் மறையும்வரை கையசைத்தாள்.

லெஸ்லி பதறி ஓடிவந்தார்.

"தங்கச்சி, ட்ரெயிலர் பின்பக்கம் நிலத்திலை முட்டுமாப்போலை போகுது! உள்ளுக்கு என்ன?"

"அரிசி மூட்டையள், கரி மூட்டையள். தண்ணியும் நிரப்பினனான்."

"ஒராளுக்கு இவ்வளவோ? எல்லாத்தையும் பின்னுக்கோ வைச்சனீர்? நான் உமக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னனான் எல்லோ!"

றெஜினா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். இடது கண் கன்றிப்போய், திறக்க முடியாமல் வீங்கியிருந்தது.

"ஓம் அண்ணை," என்றாள். "வடிவாச் சொன்னனீங்கள்."