கடைக்காரர் வீட்டுத் தொட்டி

மருமகள் செருப்பைக் கழற்றிவிட்டு, கடையில் விற்பனைக்கு வைத்திருந்த வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டாள். தொட்டியில் தண்ணீர்கூட இல்லை.

மற்ற வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமியாருக்கு மானம் போயிற்று.

"எந்திரிம்மா. எல்லாரும் பார்க்கிறாங்க."

"பார்க்கட்டும் அத்தை. உட்காரத்தானே வாங்கறோம்?"

மாமியார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஓடுகிற பஸ்ஸில் நின்றே தேய்ந்த முழங்கால்கள். காலையில் கட்டிலைவிட்டு இறங்குவதற்குள் கண்ணில் நீர் வந்துவிடும். வெந்நீரில் கழுத்தளவு உட்கார்ந்தால் வலி விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. மகன்தான் தானாக அழைத்து வந்தான். மருமகள் கூடவே கிளம்பியது முட்டுக்கட்டை போடத்தான் என்று இப்போது புரிந்தது.

தொட்டியின் விளிம்பைச் சுற்றி நீல விளக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"இது பாட்டும் பாடும்மா," என்றார் கடைக்காரர். "நீங்க மகாராணி மாதிரி சாஞ்சுக்கிட்டா போதும்."

"சூடு எவ்வளவு நேரம் நிக்கும்?" என்றாள் மருமகள்.

"சூடா? கொதிக்கும் மேடம்!"

"சூடாகறதைக் கேக்கல. நிக்கறதைக் கேக்கறேன். அந்தப் பக்கப் பலகையைக் கழட்டுங்க. உள்ளே பார்க்கணும்."

"கழட்டினா வாரண்டி போயிடும் மேடம்."

"இன்னும் விக்காத சாமானுக்கு ஏதுங்க வாரண்டி?"

கையை நீட்டி வெளிப்பக்கத்தைத் தட்டினாள். டொம் டொம் என்றது.

"சூட்டைப் பிடிச்சு வைக்க உள்ளே ஃபோம் அடைச்சிருக்கணும். இது காலி டின் மாதிரி கத்துது."

"சும்மா இரேன். அவர் என்ன பொய்யா சொல்லப்போறார்?" என்றான் மகன்.

எந்த ஆளைப் பிடிக்க வேண்டும் என்று கடைக்காரருக்குப் புரிந்துவிட்டது. மகன் பக்கம் நகர்ந்து நின்றார்.

"சார், இந்த விலை இன்னிக்கு சாயந்திரத்தோட சரி. இன்னொரு பார்ட்டி வேற இதையே கேட்டு வெச்சிருக்காங்க. கிளம்பிட்டோம்னு இப்பத்தான் போன் பண்ணினாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "பெத்தவங்களுக்குச் செய்ய ஒரு மனசு வேணும் சார். அது எல்லாருக்கும் வராது."

மாமியாருக்கு அது இதமாக இருந்தது. தன்னால் சொல்ல முடியாததை யாரோ ஒருவர் சொல்லிவிட்டார்.

"எங்க வீட்லயே இதே தொட்டிதாம்மா," என்றார் அவளிடம். "எங்க அம்மா அஞ்சு வருஷமா தினமும் இதுலதான். தடி ஊனிக்கிட்டு இருந்தவங்க, இப்போ தடதடன்னு மாடி ஏறுறாங்க."

மகன் ஆர்டர் படிவத்தில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தான்.

மருமகள் தொட்டியைவிட்டு வெளியே வந்தாள். "அப்போ எங்களுக்கு அதையே குடுங்க."

"அதான் மேடம், இதே..."

"இது இல்ல. உங்க வீட்ல இருக்கிறது. உங்க அம்மா உட்கார்றது."

மகனின் பேனா நின்றது. "எங்கம்மாவுக்குப் பழசா?"

மாமியார் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். யாரோ குளித்துக் கழித்த தொட்டி. மருமகளிடம் தன் மதிப்பு அவ்வளவுதான்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்ப்பா. வீட்டுக்குப் போவோம்," என்று எழுந்தாள்.

"இருங்க அத்தை." மருமகள் கடைக்காரரிடம் திரும்பினாள். "புதுசுக்கு உண்டான விலையையே தர்றோம். இந்தப் புதுசை நீங்க வீட்ல வெச்சுக்குங்க. உங்களுக்கு லாபம்தானே? கடையில இருக்கிறப்போ எல்லாமே நல்லாத்தான் இருக்கும். அஞ்சு வருஷம் ஒழுகாம நின்னது எதுவோ, அதுதான் எங்க அத்தைக்கு வேணும்."

மாமியார் எழுந்த இடத்திலேயே நின்றாள்.

பஸ் பாஸ் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பையைத் துழாவுகிறவனின் முகத்தை அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். கடைக்காரரின் முகம் இப்போது அப்படி இருந்தது.

"அது கொஞ்சம் கலர் மங்கிடுச்சு மேடம்..."

"வெந்நீருக்குக் கலர் எதுக்கு?"

"கழட்டி எடுத்துட்டு வர்றது ரொம்பக் கஷ்டம்..."

"வண்டிக் கூலி நாங்க தர்றோம் தம்பி," என்றாள் மாமியார். மகன் அம்மாவை வியப்போடு பார்த்தான். "போனை எடுங்க. உங்க அம்மாகிட்ட நானே பேசறேன். வலி தெரிஞ்சவங்க பேசிக்கிறோம்."

மற்ற வாடிக்கையாளர்கள் கிட்டே வந்துவிட்டார்கள். கடைக்காரர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"வீட்ல இருக்கிறது வேற மாடல்ம்மா."

"எது?"

கடையின் கோடியைக் காட்டினார். விளம்பர அட்டைகளுக்கு அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு தொட்டி. விளக்கு இல்லை, பாட்டு இல்லை. யாரும் சொல்லாமலே பக்கப் பலகையைக் கழற்றினார். உள்ளே விரல் நுழைய இடமில்லாமல் ஃபோம் அடைத்திருந்தது. மருமகள் தட்டினாள். பாறையைத் தட்டியதுபோல் இருந்தது.

"இதை ஏங்க முதல்லயே காட்டல?" என்றான் மகன்.

"இதுல எங்களுக்கு லாபம்னு பெருசா ஒண்ணும் நிக்காது சார்."

நீலத் தொட்டியைச் சுற்றி நின்ற கூட்டம் மொத்தமாக இந்தப் பக்கம் சாய்ந்தது. மாமியார் மருமகளின் தோளில் கை போட்டு, பஸ்ஸே திரும்பிப் பார்க்கும் தன் பழைய குரலை எடுத்தாள்.

"இது எங்களுக்கு ஆச்சு! மத்தவங்க எல்லாம் அடுத்த வண்டி!"

கடையே சிரித்தது. அவள் கடைக்காரரை விடுவதாக இல்லை.

"ஏன் தம்பி, ஊருக்கெல்லாம் நீலம். உங்க அம்மாவுக்கு மட்டும் நல்லதாப் பார்த்து எடுத்தீங்களாக்கும்?"

பலகையைத் திரும்ப மாட்டிக்கொண்டே கடைக்காரர் சொன்னார்:

"நான் எங்கேம்மா எடுத்தேன்? நீலத்தைத்தான் வண்டியில ஏத்திக்கிட்டுப் போனேன். வாசல்லயே மறிச்சுத் திருப்பி அனுப்பினது, எங்க அம்மாவோட மருமக."